சிரிப்பும் துப்பும் ஒரே முடிச்சில்

நெய்வேலியில் இரவு ஒன்பது மணி எல்லோருக்கும் ஒன்றுபோல வருவதில்லை. 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவாகி, 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்து, 1961-இல் நிலக்கரி கண்ணில் பட்டு, 1962-இல் முதல் மின் அலகு ஓடத் தொடங்கிய நாளிலிருந்து இந்த ஊர் ஷிப்டு கணக்கில்தான் வாழ்கிறது. சுரங்கத்துக்கு இரவு பகல் கிடையாது. அனல் மின் நிலையத்துக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஒரே பிளாக்கில் அடுத்தடுத்த குவார்ட்டர்ஸில் இருப்பவர்களில் ஒருவர் காலை ஷிப்டு முடித்துவிட்டு மாலையில் ஓய்வாக இருப்பார். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டாம் ஷிப்டில் கன்வேயர் பெல்ட் அருகே நின்றுகொண்டிருப்பார். எதிர் வீட்டுக்காரர் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு நைட் ஷிப்டுக்குக் கிளம்புவார். ஷிப்டு மாறும்போது இந்த வரிசையும் மாறிவிடும். தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிகளுக்குத் தலைமுறை தலைமுறையாக மின்சாரம் அனுப்பிவரும் ஊரில், வேலைக்குப் போகிறவர்களில் தினமும் அதே நேரத்துக்குப் பெட்டியின் முன்னால் உட்காரக்கூடியவர் என்று ஒருவரைத் தேடிப்பிடிப்பது கடினம். இப்படிப்பட்ட ஊருக்கு ஏற்ற தொடர் எது என்று யோசித்தால், உட்கார்ந்த இடத்திலேயே தொடங்கி அங்கேயே முடிகிற கதைதான் முதலில் நினைவுக்கு வரும். அதிலும் வேலைக் களைப்போடு வந்தவரைச் சிரிக்கவைத்து, மூளைக்கும் கொஞ்சம் வேலை கொடுக்கிற கதை என்றால் அது நகைச்சுவைத் துப்பறியும் தொடர். அந்த வகை தமிழுக்குப் புதியதல்ல. நம்மிடம் அதற்கு அருமையான முன்மாதிரியே இருக்கிறது. ஆனாலும் தமிழ்த் தொலைக்காட்சி அதை ஏறத்தாழக் கைவிட்டுவிட்டது. ஏன் கைவிட்டது, கைவிட்டதால் நாம் எதை இழந்தோம் என்பதுதான் இங்கே ஆராயப்பட வேண்டிய கேள்வி.

வழக்கமாகச் சொல்லப்படும் பதில் ஒன்று உண்டு: துப்பறிதல் என்றால் விறுவிறுப்பு, நகைச்சுவை என்றால் தளர்வு, இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும், ஆகவே கலவை நிற்காது என்பார்கள். இது தவறு என்பது என் வாதம். நல்ல நகைச்சுவைத் துப்பறியும் கதையில் சிரிப்பு ஒரு பக்கமும் துப்பு ஒரு பக்கமும் இருப்பதில்லை. எந்த இடத்தில் சிரிக்கிறோமோ அந்த இடத்தில்தான் துப்பும் ஒளிந்திருக்கும். துப்பறிபவரிடம் நாம் பார்த்துச் சிரிக்கிற குறைதான் வழக்கை அவிழ்க்கும் சாவியாகவும் இருக்கும். இந்த முடிச்சைப் போட முழுக்கதையையும் ஒரே பார்வையில் பார்க்கும் எழுத்தாளர் வேண்டும். போட்ட முடிச்சு அன்றே அவிழ்கிற வடிவமும் வேண்டும். இரண்டும் கிடைத்த காலத்தில் இந்த வகை தமிழில் செழித்தது. இரண்டும் போனபோது அதுவும் போனது. பார்வையாளரின் ரசனை மாறிவிட்டது என்று சொல்லச் சான்று இல்லை.

தேவனின் ‘துப்பறியும் சாம்பு’விலிருந்து தொடங்குவதுதான் முறை. திருவிடைமருதூரில் 1913-இல் பிறந்த ஆர். மகாதேவன் என்கிற தேவன், ஆனந்த விகடனில் 1942-இல் சாம்புவை எழுதத் தொடங்கினார். மொத்தம் ஐம்பது கதைகள். ஒவ்வொன்றும் தன்னளவில் முழுமையானது. ராஜுவின் கோடுகளில் வழுக்கைத் தலையும் கூர்ந்து வளைந்த மூக்குமாக நிலைபெற்ற சாம்பு, ஒரு வங்கியில் குமாஸ்தா, ஊரறிந்த அசடு. அப்படிப்பட்டவர் எதையோ மனத்தில் வைத்துக்கொண்டு ஏதோ சொல்வார். அல்லது பயந்துபோய் ஓடக் கூடாத திசையில் ஓடுவார். இன்ஸ்பெக்டர் கோபாலன் அதை மாபெரும் உத்தியாக எடுத்துக்கொண்டு அந்தத் திசையில் ஆளை அனுப்புவார். குற்றவாளி அங்கே அகப்படுவான். ஊர் சாம்புவைக் கொண்டாடும். மனைவி வேம்பு பெருமையில் பூரிப்பாள். என்ன நடந்தது என்று சாம்புவுக்குக் கடைசிவரை முழுதாகப் புரியாது. மேலோட்டமாகப் பார்த்தால் இது எளிய சூத்திரம். ஐம்பது முறை அதைச் சலிக்காமல் செய்துகாட்டியிருப்பதை எண்ணிப் பார்த்தால்தான் தேவனின் கைத்திறம் தெரியும். ஒவ்வொரு கதையிலும் அவர் இரண்டு கணக்கு எழுத வேண்டும். சாம்பு உண்மையில் ஏன் அப்படிச் செய்தார் என்பது ஒன்று. அதைக் கோபாலன் எப்படிப் புரிந்துகொண்டார் என்பது மற்றொன்று. இரண்டும் வரிக்கு வரி பொருந்தி, கடைசியில் ஒரே விடையில் வந்து சேர வேண்டும். தீவிரமான துப்பறியும் கதை எழுதுகிறவருக்கு ஒரு கணக்கு போதும்.

இங்கே வலுவான ஆட்சேபம் ஒன்று எழும். இங்கிலாந்தில் துப்பறியும் கதைக்கு ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் வகுத்த பத்து விதிகளில் ஒன்று, தற்செயல் எதுவும் துப்பறிபவருக்கு உதவக் கூடாது என்கிறது. அந்த அளவுகோலில் சாம்பு முதல் பக்கத்திலேயே தோற்றுவிடுவார். அவருடைய வெற்றி எல்லாமே தற்செயல்தான். அப்படியானால் இது துப்பறியும் கதையே அல்ல, துப்பறிதலைக் கேலி செய்யும் கதை என்று சொல்லிவிடலாமா? நாக்ஸின் விதி எதற்காக வந்தது என்று பார்க்க வேண்டும். வாசகரை ஏமாற்றக் கூடாது, விடைக்கு வேண்டிய தடயங்கள் அவர் கண்முன் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் உயிர். சாம்பு கதையில் வாசகர் ஏமாற்றப்படுவதே இல்லை. கோபாலனுக்குத் தெரியாததும் சாம்புவுக்குத் தெரியாததும் வாசகருக்குத் தெரியும். சாம்புவின் அசட்டுச் செயல் எப்படி விடையாக மாறப்போகிறது என்று ஊகித்தபடியே அவர் படிக்கிறார். உண்மையில் துப்பறிவது அவர்தான். தற்செயல் வந்து மோதுகிற இடத்தைக் கதை முன்னதாகவே நட்டுவைத்திருக்க வேண்டும். நடாத தற்செயல் மோசடி. நட்ட தற்செயல் நகைச்சுவை. தேவன் நடத் தெரிந்தவர்.

ஒவ்வொரு கதையும் தனித்து முடிவதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. லண்டனில் ‘ஸ்ட்ராண்ட்’ இதழ் 1891-இல் ஷெர்லாக் ஹோம்ஸ் சிறுகதைகளை வெளியிடத் தொடங்கியபோது கோனன் டாயில் போட்ட கணக்கு இது: தொடர்கதையில் ஓர் இதழ் தவறினால் வாசகர் கதையையே விட்டுவிடுவார், ஒரே நாயகன் இதழ்தோறும் வந்து, ஆனால் கதை மட்டும் அந்த இதழிலேயே முடிந்தால், தவறவிட்டவரும் அடுத்த இதழுக்குத் திரும்பி வருவார். தன் நினைவுக் குறிப்பில் அவரே இதை விளக்கியிருக்கிறார். ஹோம்ஸ் சிறுகதைகள் ஐம்பத்தாறும் இந்தக் கணக்கில் பிறந்தவை. விகடனில் சாம்புவுக்கும் இதே கணக்கு பொருந்திவந்தது. வாராவாரம் நேரம் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாத மனிதருக்காகவே உண்டான வடிவம் இது. ஷிப்டு ஊர்க்காரருக்கு இதைவிட ஏற்ற வடிவம் இருக்க முடியாது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தூர்தர்ஷன் காலத்து நாடகங்கள் பெரும்பாலும் வாரம் ஒரு முறை வருபவை. எழுதுகிறவர்களும் நடிப்பவர்களும் சபா மேடையிலிருந்து வந்தார்கள். இரண்டு மணி நேர நாடகத்தில் எந்த நிமிடத்தில் சிரிப்பு விழ வேண்டும், எந்த வசனத்தைச் சொல்லாமல் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குக் கைவந்த கலை. சாம்பு தொலைக்காட்சித் தொடரானபோது காத்தாடி ராமமூர்த்தி அந்த வேடத்தை ஏற்றார். அது தற்செயலான தேர்வு அல்ல. மேடையில் பேச்சின் தாளத்தாலேயே அசட்டுத்தனத்தைக் காட்டத் தெரிந்த நடிகர் அவர். சாம்புவை நடிப்பதில் உள்ள சிக்கல், அவர் அசடு என்பது நடிகருக்குத் தெரிந்திருக்க வேண்டும், சாம்புவுக்குத் தெரியக் கூடாது என்பதுதான். முகத்தைக் கோணி, கண்ணை உருட்டினால் சாம்பு கோமாளியாகிவிடுவார். கோபாலன் ஏமாறுவது நம்பும்படி இருக்காது. கோபாலன் நம்பும் அளவுக்கு ஒரு கம்பீரமும் நமக்கு மட்டும் தெரியும் அளவுக்கு ஒரு திகைப்பும் ஒரே முகத்தில் வர வேண்டும்.

அதே காலத்தில், 1985-இல், தூர்தர்ஷனின் தேசிய ஒளிபரப்பில் ‘கரம்சந்த்’ வந்தது. பங்கஜ் பராஷர் இயக்கத்தில் பங்கஜ் கபூர் கறுப்புக் கண்ணாடியும் கையில் கேரட்டுமாக வருவார். உதவியாளர் கிட்டியாக சுஷ்மிதா முகர்ஜி. இந்தி தெரியாத வீடுகளிலும் அந்தக் கேரட் புரிந்தது. பல மாநிலத்தார் அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்கும் நெய்வேலி போன்ற டவுன்ஷிப்பில் மொழி தெரிந்தவரும் தெரியாதவரும் சேர்ந்து பார்க்கக்கூடிய தொடர் அது. கரம்சந்த் கேரட் மெல்லுவது வெறும் சேட்டை அல்ல. சந்தேகத்துக்குரியவர் எதிரே இருக்கும்போது எதையும் சட்டைசெய்யாதவர்போல் மென்றுகொண்டே அவர் கவனித்துக்கொண்டிருப்பார். கிட்டியின் அசட்டுக் கேள்விகளும் அப்படித்தான்: பார்வையாளர் மனத்தில் எழும் சந்தேகத்தை வாய்விட்டுக் கேட்டு, விளக்கம் வரவழைக்க அவை உதவின. ஆனாலும் அவளை ஒவ்வொரு முறையும் வாயை மூடச் சொல்லி அடக்குவதை இன்று பார்த்தால் சிரிப்பு வரவில்லை. பெண்ணை மட்டம் தட்டிக் கிடைக்கும் சிரிப்புக்கு ஆயுள் குறைவு. 2007-இல் கரம்சந்த் வேறொரு கிட்டியோடு சோனி தொலைக்காட்சியில் திரும்பி வந்தபோது பழைய வரவேற்பு கிடைக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சிரிப்பும் துப்பும் ஒரே இடத்தில் இருப்பதற்கு மேல்நாட்டுச் சான்றுகள் இரண்டை நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். 1968-இல் ஒரு தொலைக்காட்சிப் படமாகத் தொடங்கி 1971 முதல் தொடராக வந்த ‘கொலம்போ’வில் கொலை யார் செய்தது என்பது தொடக்கத்திலேயே நமக்குக் காட்டப்பட்டுவிடும். கசங்கிய மழைக்கோட்டும் அணைந்த சுருட்டும் ஓட்டைக் காருமாக வரும் பீட்டர் ஃபால்க்கைப் பார்த்ததும் பணக்காரக் கொலையாளிக்கு இளக்காரம் பிறக்கும். நமக்குச் சிரிப்பு வருவது அந்தத் தோற்றத்தைப் பார்த்து. கொலையாளி அசட்டையாக இருந்து வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதும் அதே தோற்றத்தால்தான். விடைபெற்று வாசல்வரை போனவர் மறந்துபோன ஒரு சின்ன விஷயத்துக்காகத் திரும்பி வருகிற அந்தக் கணத்தைப் பாருங்கள். மறதிக்காரர் என்று சிரிக்கிறோம். அதே நொடியில் கொலையாளியின் கழுத்தில் சுருக்கு விழுகிறது. சிரிப்பையும் துப்பையும் அங்கே கத்தியால் பிரித்தெடுக்க முடியாது. 2002 முதல் 2009 வரை 125 எபிசோடுகள் ஓடிய ‘மங்க்’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. டோனி ஷலூப் நடித்த ஏட்ரியன் மங்க், மனைவி கொலையுண்டபின் அச்சங்கள் முற்றிப்போன மனிதர். யாரோடாவது கைகுலுக்கினால் உடனே கை துடைக்க வேண்டும். படம் சற்றே சாய்ந்து தொங்கினால் நிமிர்த்தாமல் நகர முடியாது. நாம் சிரிக்கிறோம். ஆனால் ஓர் அறையில் எல்லாம் வரிசையாக இருக்க, ஒன்று மட்டும் வரிசை மாறியிருப்பதை அவர் மட்டுமே பார்க்க முடிவது அந்த நோயால்தான். அவருடைய துயரம், நம் சிரிப்பு, வழக்கின் விடை என்று மூன்றுக்கும் வேர் ஒன்று. ஆகவே நகைச்சுவை துப்பறிதலை நீர்க்கச் செய்கிறது என்ற வாதம் நிற்காது.

நீர்த்துப்போகும் இடம் வேறு. தமிழ் சினிமாவில் நகைச்சுவையைத் தனித் தடமாக எழுதும் வழக்கம் நெடுநாள் இருந்தது. ‘கரகாட்டக்காரன்’ (1989) வாழைப்பழக் காட்சியை நினைத்தாலே போதும், ஏ. வீரப்பன் போன்ற தனி நகைச்சுவை எழுத்தாளர்களின் கையில் அந்த முறை மகத்தான சிரிப்பைத் தந்தது, அதில் ஐயமில்லை. ஆனால் அதே முறையில் துப்பறியும் கதை எழுத முடியாது. நாயகன் கண் சிவக்கத் துப்புத் துலக்க, பக்கத்தில் ஓர் உதவியாளர் வழுக்கி விழுந்துகொண்டிருந்தால், சிரிக்கும்போது கதை நிற்கும். கதை நகரும்போது சிரிப்பு நிற்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் இரண்டும் சேராது என்ற முடிவுக்கு நம்மில் பலர் வந்துவிட்டார்கள்.

இதைவிடப் பெரிய அடி தினத்தொடரால் விழுந்தது. 1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சி வந்தது. நூற்றாண்டு திரும்புகிற சமயத்தில் ‘சித்தி’ போன்ற தொடர்களின் வெற்றியோடு நெடுந்தொடர் என்பது தமிழ்த் தொலைக்காட்சியின் முதுகெலும்பாகிவிட்டது. 2003-இல் தொடங்கிய ‘கோலங்கள்’ 1,500 எபிசோடுகளுக்கு மேல் ஓடியது. தயாரிப்பாளர் பக்கத்திலிருந்து பார்த்தால் இதன் கணக்கு எளிது. ஒரு வீட்டை செட் ஆக்கினால் ஆண்டுக்கணக்கில் போதும். அதே நடிகர்கள், அதே வரவேற்பறை, அதே படிக்கட்டு. ஒரு சண்டையை எத்தனை நாளைக்கும் நீட்டலாம். துப்பறியும் நகைச்சுவையிலோ வாரந்தோறும் புதுக் குற்றம், புது இடம், புது விருந்து நடிகர்கள், புதுத் தடயங்கள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முடிவு தெரிந்தபின்தான் முதல் காட்சியையே எழுத முடியும். இன்று எழுதி நாளை எடுத்து நாளன்றைக்கு ஒளிபரப்பும் வேகத்தில் தடயத்தை முன்னதாக நட்டுவைக்க யாருக்கு அவகாசம்? நெடுந்தொடர் முடிவைத் தள்ளிப்போட்டு வாழ்கிறது. துப்பறியும் கதை முடிவைக் கொடுத்து வாழ்கிறது. ஒரே விளம்பர நேரத்துக்கு இரண்டும் போட்டியிட்டால் செலவு குறைந்தது ஜெயிக்கும். ஜெயித்தது.

இல்லை, தமிழ்ப் பார்வையாளருக்கே துப்பறியும் கதையில் ஈடுபாடு குறைவு என்று தொலைக்காட்சிக்காரர்கள் சொல்வதுண்டு. ஒரு நூற்றாண்டுப் பதிப்பு வரலாறு இதை மறுக்கிறது. ஆரணி குப்புசாமி முதலியாரும் ஜே.ஆர். ரங்கராஜுவும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் எழுதிக் குவித்த காலத்திலிருந்தே தமிழ் வாசகர் துப்பறியும் கதைக்குப் பழகியவர். தமிழ்வாணனின் சங்கர்லாலுக்கு ஒரு தலைமுறையே அடிமை. ராஜேஷ்குமார் 1,500-க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியிருப்பதாகச் சொல்கிறார்கள். வாங்குகிறவர் இல்லாமல் அத்தனை அச்சாகியிராது. சிரிப்பும் அங்கே இருந்தது. சுஜாதாவின் வசந்த் அடிக்கும் லூட்டி இல்லாமல் கணேஷை நினைக்க முடியுமா? பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும், சுபாவின் நரேந்திரனும் வைஜெயந்தியும் பேசிக்கொள்ளும் கிண்டலுக்காகவே பஸ் நிலையக் கடையில் புத்தகம் வாங்கியவர்கள் ஏராளம். தொலைக்காட்சியிலிருந்தே ஒரு சான்று வேண்டுமானால், 1998 முதல் 2018 வரை ஓடிய இந்தித் தொடர் ‘சிஐடி’ இருக்கிறது. பெரும்பாலும் ஒரு நாளோ இரண்டு நாளோ, அதற்குள் வழக்கு முடிந்துவிடும். அது நகைச்சுவையாக எழுதப்படவில்லை. ஆனாலும் தயா கதவை உடைப்பதையும் ஏசிபி பிரத்யுமன் விரல்களைத் திருப்புவதையும் மக்கள் செல்லமாகக் கேலி செய்து தாங்களே நகைச்சுவையாக்கிக்கொண்டார்கள். பசி இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை.

இனி மிகக் கனமான ஆட்சேபத்துக்கு வர வேண்டும். குற்றம் என்பது சிரிக்கிற விஷயமா? நெய்வேலியை வைத்துப் பேசும்போது இந்தக் கேள்வியை மழுப்ப முடியாது. 1993-இல் நெய்வேலிக்கு அருகிலுள்ள முதனை கிராமத்தைச் சேர்ந்த ராசாக்கண்ணு, ஒரு நகைத் திருட்டு வழக்கு விசாரணையில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொடுமைப்படுத்திக் கொல்லப்பட்டார். வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு நடத்திய அந்த வழக்குதான் 2021-இல் வந்த ‘ஜெய் பீம்’ படத்துக்கு அடிப்படை. காணாமல்போன நகை, சந்தேகப்படும் போலீஸ், ஓர் ஏழை மனிதர்: சாம்பு கதைகள் எடுத்துக்கொள்ளும் சாமான்களேதான் இவை. ஒரு திருட்டு விசாரணை உயிரைக் குடித்த மண்ணில் திருட்டு விசாரணையை வைத்துச் சிரிக்கலாமா என்று கேட்பவரின் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்துக்குப் பதில் சொல்லாமல் இந்த வகையை யாரும் பரிந்துரைக்கக் கூடாது.

என் பதில் இது. நம் திரையில் அடியும் உதையுமாக நடக்கும் விசாரணைகளைத் தீவிரமான கதைகளே வழக்கமாக்கின. நகைச்சுவைத் துப்பறியும் கதை அந்தத் தவறைச் செய்ததில்லை. லாக்கப்பில் கட்டிவைத்து அடித்து உண்மையை வரவழைக்கும் நாயகப் போலீஸைக் கைதட்டி வரவேற்கப் பழக்கியது நம் ஆக்‌ஷன் படங்கள். ‘சிஐடி’யிலும் கடைசியில் குற்றவாளிக்கு ஓர் அறை உண்டு. கொலம்போ யாரையும் தொடுவதில்லை. கரம்சந்த் கேரட்டைத்தான் கடிக்கிறார். சாம்புவுக்கு அடிக்கவே தெரியாது. உண்மை கண்ணாலும் காதாலும் பொறுமையாலும் வெளிவரும் என்பது இந்த வகையின் அடிப்படை விதி. அடித்து வரவழைத்த வாக்குமூலம் வந்தால் கதையே கெட்டுவிடும், ஏனெனில் அங்கே துப்பும் இல்லை, சிரிப்பும் இல்லை. அதோடு, இந்தக் கதைகளில் மாட்டிக்கொள்பவர் பெரும்பாலும் மேலே இருப்பவர். கொலம்போவின் கொலையாளிகள் மாளிகைவாசிகள். ஏழை வேலைக்காரரைப் பிடித்து வழக்கை முடித்துவிட அவசரப்படுபவர்கள்தான் அங்கே கேலிக்கு ஆளாகிறார்கள். முதல் சந்தேகம் யார்மீது விழுகிறது, அது ஏன் அவர்மீது விழுகிறது என்பதைச் சிரிப்பின் வழியாகவே ஒரு தொடர் வாரந்தோறும் காட்ட முடியும். எல்லாத் துயரத்தையும் இந்த வடிவம் தாங்கும் என்று சொல்லமாட்டேன். ‘ஜெய் பீம்’ சொன்னதை அதன் குரலில்தான் சொல்ல முடியும். சாம்புவின் குரலில் சொன்னால் பாவம்.

பொழுதுபோக்குத்தானே, இதற்கு இத்தனை ஆராய்ச்சியா என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மின் நிலையத்தில் ஓர் அலகு திடீரென்று நின்றுபோனால், கட்டுப்பாட்டு அறையில் அடுக்கடுக்காக அலாரங்கள் விழும். எல்லாமே கோளாறைச் சொல்பவைதான். ஆனால் முதலில் விழுந்தது எது என்பதில்தான் காரணம் இருக்கிறது, மற்றவை அதன் விளைவுகள். அந்த வரிசையை நொடியின் பின்னக் கணக்கில் பதிந்துவைக்கத் தனிக் கருவியே உண்டு. துப்பறியும் கதையைப் பார்ப்பவரும் அதே வேலையைத்தான் செய்கிறார்: பத்துச் செய்திகளில் எது காரணம், எது விளைவு, எது சும்மா சத்தம் என்று பிரிக்கிறார். வேலையில் தவறினால் இழப்பு பெரிது. இங்கே தவறினால் சிரித்துவிட்டு அடுத்த வாரம் முயலலாம். பயமில்லாமல் யோசிக்கக் கிடைக்கும் அரை மணி நேரத்தை அற்பம் என்று நான் எண்ணவில்லை.

ஓடிடி வந்தபின் நிலைமை மாறியிருக்க வேண்டும். நேரக் கட்டுப்பாடு போய்விட்டது. நைட் ஷிப்டு முடித்து வந்தவர் காலை பத்து மணிக்கும் பார்க்கலாம். தமிழில் துப்பறியும் தொடர்களும் வந்தன: 2021-இல் ‘நவம்பர் ஸ்டோரி’, 2022-இல் ‘விலங்கு’, ‘சுழல்’, ‘வதந்தி’. தரத்தில் குறைவில்லை, ‘வதந்தி’ கொலையுண்ட பெண்ணைப் பற்றி ஊர் பேசும் பேச்சையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. ஆனால் எல்லாமே இருண்ட கதைகள். ஒரு பெரிய மர்மத்தை சீசன் முழுக்க நீட்டுபவை. நெடுந்தொடரின் தள்ளிப்போடும் பழக்கம் வேறு உடுப்பில் இங்கே தொடர்கிறது. ஒரே கொலையை ஒரு சீசனுக்கு நீட்டியும் சிரிக்கவைக்க முடியும் என்று 2021-இல் தொடங்கிய ‘ஒன்லி மர்டர்ஸ் இன் தி பில்டிங்’ காட்டியிருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான், என் வாதத்துக்கு அது ஓரளவு விலக்கு. ஆனால் அங்கும் எபிசோடு அரை மணி நேரத்தை ஒட்டியே ஓடுகிறது, அதற்குள் ஒரு சிறு முடிச்சு விழுந்து அவிழ்ந்துவிடுகிறது. 2023-இல் ரயன் ஜான்சன் ‘போக்கர் ஃபேஸ்’ எடுத்தபோது நேராகக் கொலம்போவின் வடிவத்துக்கே திரும்பினார்: முதலில் கொலை, பிறகு துப்பு, அன்றே முடிவு.

‘சுழல்’ ஒரு சிமென்ட் ஆலை ஊரில் நடக்கிறது. வேலைநிறுத்தமும் தீ விபத்துமாகத் தொடங்குகிறது. ஆலை ஊர் என்றால் இருட்டு, புகை, ரகசியம் என்றே நம் எழுத்தாளர்களுக்குத் தோன்றுகிறது. ஆனால் நகைச்சுவைத் துப்பறியும் தொடருக்கு நெய்வேலி டவுன்ஷிப்பைவிடப் பொருத்தமான களம் எளிதில் கிடைக்காது. அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிளுக்கு ஒரு சிறு கிராமம் போதுமாயிருந்தது, ஏனெனில் அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். டவுன்ஷிப்பிலும் அப்படித்தான்: யார் எந்த பிளாக், யாருக்கு எப்போது குவார்ட்டர்ஸ் மாறியது, யார் வீட்டில் ஓய்வு பெறும் தேதி நெருங்குகிறது என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். ஒருவர் குற்ற நேரத்தில் எங்கே இருந்தார் என்பதற்கு ஷிப்டு ரோஸ்டரும் கேட் பாஸும் ஆவணமாக நிற்கின்றன. ஆக, அந்த ஆவணத்தை யார் எப்படி ஏமாற்றினார் என்பதே நல்ல புதிர். செஸ்டர்டனின் ஒரு ஃபாதர் பிரவுன் கதையில் வாசலில் நின்ற எல்லோரும் யாரும் உள்ளே போகவில்லை என்று சத்தியம் செய்வார்கள். தபால்காரர் போனார், அவரை யாரும் ஓர் ஆளாக எண்ணவில்லை. நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி என்று ஒரே வேலையிடத்தில் இரண்டு வரிசை உள்ள ஊரில் இந்தக் கதைக்கு இன்னும் கூர்மை வரும். யார் கண்ணிலும் படாமல் எங்கும் போய்வருகிற ஓர் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி, பணிவான பேச்சோடு, எல்லோரும் அசட்டை செய்கிற கேள்விகளைக் கேட்டபடி ஒவ்வொரு வாரமும் ஒரு முடிச்சை அவிழ்க்கட்டும். காணாமல்போன ஸ்டோர்ஸ் சாமான், மாறிப்போன சம்பளக் கவர், பிளாக் பிள்ளையார் கோயில் உண்டியல்: கொலையே வேண்டியதில்லை.

இதை எடுக்க நட்சத்திரம் தேவைப்படாது, வெளிநாட்டுப் படப்பிடிப்பும் தேவைப்படாது. முடிவிலிருந்து முதல் காட்சிக்குப் பின்னோக்கி எழுதத் தெரிந்த நான்கைந்து எழுத்தாளர்களை ஒரே மேசையைச் சுற்றி உட்காரவைத்து, படப்பிடிப்புக்கு ஆறு மாதம் முன்பே சம்பளம் கொடுக்கத் தொடங்க வேண்டும். தமிழ்த் தொலைக்காட்சி நிறுவனங்களும் ஓடிடிக்காரர்களும் ஒரு நெடுந்தொடரின் ஒரு மாதச் செலவை இதற்கு ஒதுக்கிப் பார்க்கலாம்.